அப்பாவிடமிருந்து போனைப் பிடுங்க வேண்டாம்

கேள்வி: ராயக்கோட்டைக்கு அருகில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா தக்காளி விவசாயி. பிஎம் கிசான் தவணை நிற்கப்போகிறது, விவரங்களைப் புதுப்பியுங்கள் என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஃபைலைத் திறந்து, அது கேட்டதையெல்லாம் நிரப்பிவிட்டார். மறுநாள் விடியற்காலையில் கணக்கிலிருந்து 46,000 ரூபாய் போய்விட்டது. எங்களிடம் நான்கு நாள் கழித்துத்தான் சொன்னார். யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறார். பிறகு எப்படிப் பணம் போனது? திரும்பக் கிடைக்குமா? பெரியப்பா, இனி ஸ்மார்ட்போனே வீட்டில் இருக்கக் கூடாது, பிளஸ் டூ படிக்கும் தங்கையிடமிருந்தும் வாங்கி வையுங்கள் என்கிறார். இந்த வளர்ச்சியே நம்மைப் போன்றவர்களுக்கு ஆபத்துதானா?

பதில்: நான்கு நாள் ஆகிவிட்டதே, இனி என்ன பயன் என்று இருந்துவிடாதீர்கள் அம்மா. இன்னும் புகார் கொடுக்கவில்லை என்றால், இதற்கு மேல் படிப்பதற்கு முன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். அப்பாவின் போனிலிருந்து வேண்டாம், வேறு போனிலிருந்து அழையுங்கள். பணம் போன நாள், நேரம், தொகை, வங்கிக் குறுஞ்செய்தியில் இருக்கும் பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அதே நாளில் வங்கிக்கும் போய், ஏடிஎம் அட்டை, யூபிஐ, இணைய வங்கி மூன்றையும் முடக்கும்படி எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவின் போனிலிருந்து சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போடுங்கள். வங்கியிலிருந்து வரும் செய்திகள் அதில் வரும். திருடன் அங்கிருந்து அவற்றைப் படிக்க முடியாது. ஸ்மார்ட்போனை வைஃபையிலும் சேர்க்காமல் அப்படியே வையுங்கள். ஆத்திரத்தில் எதையும் அழித்துவிட வேண்டாம். அந்த ஃபைலும் அது வந்த வாட்ஸ்அப் செய்தியும் காவல்துறைக்குத் தேவைப்படும்.

தொலைபேசித் துறையில் தர்மபுரி, பாலக்கோடு, அரூர் என்று பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இப்போது இப்படி ஏமாந்தவர்களுக்குப் புகார் எழுதிக் கொடுக்கிறேன். அப்பா சத்தியம் செய்வது பொய்யில்லை என்று நினைக்கிறேன். ஓடிபியை அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கவே மாட்டார். அவருக்கு வந்தது ஏபிகே என்று முடியும் ஃபைலாக இருந்திருக்கும். பார்ப்பதற்குக் கடிதமோ படிவமோ போலத் தெரியும், ஆனால் அது ஒரு செயலி. திறந்ததும், தெரியாத இடத்திலிருந்து நிறுவுகிறீர்கள் என்று ஆண்ட்ராய்டு ஒரு எச்சரிக்கை காட்டும். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். தவணை நின்றுவிடுமோ என்ற பதற்றத்தில் இருப்பவர் 'சரி' என்பதை அழுத்தத்தான் செய்வார். அடுத்து, குறுஞ்செய்திகளைப் படிக்கவும் அனுப்பவும் அனுமதி கேட்கும். அதற்கும் ஒரு 'சரி'. அந்த நொடியிலிருந்து அவருக்கு வரும் ஒவ்வொரு குறுஞ்செய்தியும் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கும் போகும். ஓடிபியை யாரும் அவரிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

மீதியை அந்தப் படிவம் பார்த்துக்கொண்டது. அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்: ஆதார் எண், கணக்கு எண்ணோடு ஏடிஎம் அட்டையின் எண்ணும் அது காலாவதியாகும் மாதமும் ஆண்டும் கேட்டிருக்கும். யூபிஐயை ஒரு போனில் புதிதாக நிறுவும்போது, அந்த எண்ணுக்குரிய சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாகப் போய், சிம் இந்தப் போனில் இருக்கிறது என்று உறுதிசெய்யும். திருடனின் செயலி அந்தச் செய்தியை அப்பாவின் போனிலிருந்தே அனுப்பிவிடும். அட்டையின் கடைசி ஆறு எண்களும் காலாவதி விவரமும் ஓடிபியும் இருந்தால் யூபிஐக்குப் புதிய பின் (PIN) எண்ணை வைத்துவிடலாம். பின்னிரவிலும் விடியற்காலையிலும் எடுப்பார்கள், போனின் சொந்தக்காரர் தூங்கும் நேரம் என்பதால்.

அதை அனுப்பியவர் ஊர்க்காரர்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆம், அவர் எண்ணிலிருந்துதான் வந்திருக்கும், ஆனால் பெரும்பாலும் அவர் அனுப்பியிருக்க மாட்டார். இந்தச் செயலிகளில் சில, சிக்கியவரின் வாட்ஸ்அப்பிலிருந்தே எல்லாத் தொடர்புகளுக்கும் குழுக்களுக்கும் தம்மை அனுப்பிவைக்கும். முன்பின் தெரியாதவனை நம்பி உங்கள் அப்பா ஏமாறவில்லை. தினமும் பார்க்கும் மனிதரின் பெயரில் வந்ததை நம்பினார். இதே வேலையைக் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும், போக்குவரத்து அபராத ரசீது என்ற பெயரிலும் செய்கிறார்கள். அந்த ஊர்க்காரரிடம் இன்றே சொல்லுங்கள், குழுவிலும் எச்சரிக்கை போடுங்கள். அவருடைய கணக்கும் ஆபத்தில் இருக்கிறது.

பணம் திரும்புமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: முழுவதும் கிடைப்பது அரிது, கொஞ்சமேனும் மீள வாய்ப்பு உண்டு, அந்த வாய்ப்பு மணிக்கு மணி குறைந்துகொண்டே போகிறது. 46,000 ரூபாய் ஒரே கணக்கில் போய் உட்கார்ந்திருக்காது. முதல் கணக்கிலிருந்து நான்கைந்து கணக்குகளுக்குப் பிரியும், அங்கிருந்து இன்னும் சில கணக்குகளுக்கு. கடைசியில் யாரோ ஏடிஎம்மில் ரொக்கமாக எடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் கிரிப்டோ நாணயமாக மாற்றிவிடுவார்கள். 1930இல் புகார் பதிவானதும், பணம் சென்ற வங்கிக்கு இணைய வழியில் தகவல் போகும். பணம் அங்கே இன்னும் இருந்தால் அந்தத் தொகையை நிறுத்தி வைப்பார்கள். நகர்ந்திருந்தால் அடுத்த வங்கிக்குத் தகவல் போகும். முதல் ஒரு மணி நேரத்தில் அழைத்தவர்களுக்குப் பணம் கிடைப்பதும், நாலு நாள் கழித்து அழைப்பவர்களுக்குக் கிடைக்காமல் போவதும் இதனால்தான். நிறுத்திவைத்த பணத்தைத் திரும்பப் பெற நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம். அதற்கும் புகாரின் ஒப்புகை எண் வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்துவிட்டு, கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

வங்கியில் உங்களிடம் ஒரே வரியில், உங்கள் அப்பா தானே விவரங்களைக் கொடுத்தார், நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லக்கூடும். அதைக் கேட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கென்றே இருக்கிறது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, இடையில் புகுந்தவனிடம் என்றால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் சொன்ன வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால் அவர் ஏற்க வேண்டிய இழப்புக்கு உச்சவரம்பு உண்டு. சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அது 10,000 ரூபாய். ரகசிய விவரங்களை வாடிக்கையாளரே கவனக்குறைவாகக் கொடுத்திருந்தால், புகார் சொல்லும்வரை நேர்ந்த இழப்பு அவருடையது, அதற்குப் பிறகு நேர்வது வங்கியுடையது. உங்கள் அப்பாவை மூன்றாவது வகையில்தான் சேர்க்கப் பார்ப்பார்கள். ஆனால் வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்க வேண்டிய கடமை வங்கியுடையது என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. தன் போனுக்குள் புகுந்த ஒரு செயலி ஓடிபியைத் திருடியது, அதை யாரிடமும் பகிரவில்லை என்று தெளிவாக எழுதுங்கள். வேலை நாட்கள் என்பதையும் கவனியுங்கள்: நடுவில் ஞாயிறோ வங்கி விடுமுறையோ வந்திருந்தால் நான்கு நாள் என்பது மூன்றாகவும் இருக்கலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கான உதவி எண் 14448.

பட்ட காலிலேயே படும் என்பார்கள். போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணமாக இரண்டாயிரம் மட்டும் அனுப்புங்கள் என்று வழக்கறிஞர் பெயரிலோ சைபர் போலீஸ் பெயரிலோ ஒருவன் பேச வாய்ப்புண்டு. ஏமாந்தவர்களின் எண்கள் இவர்களுக்குள் கைமாறுகின்றன. பணத்தை மீட்பதற்கு அரசு எங்கும் முன்பணம் கேட்பதில்லை.

இனி, என் மனத்தை உறுத்துவதைச் சொல்கிறேன். பணம் போன காலையிலேயே அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அப்படியிருந்தும் ஏன் நான்கு நாள் வாய் திறக்கவில்லை? திட்டுவார்கள், படிக்காதவனுக்கு எதற்கு இந்தப் போன் என்பார்கள், பங்காளிகள் காதுக்குப் போகும் என்று பயந்திருப்பார். பெரியப்பா இப்போது பேசுவதைப் பார்த்தால் அந்தப் பயம் நியாயமானதுதான். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இதே காரணத்தால்தான் தாமதித்து வருகிறார்கள். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள், அரசு அலுவலர்களும் இருக்கிறார்கள். படித்தவர்கள் இன்னும் அதிக நாள் மறைக்கிறார்கள், அவர்களுக்கு அவமானம் பெரிது. திருடன் திட்டமிடும்போது இந்த அவமானத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் திட்டமிடுகிறான். போனைப் பிடுங்கிவிட்டால் அடுத்த முறை ஏதாவது நேர்ந்தால் அப்பா நான்கு நாள் கழித்துக்கூடச் சொல்ல மாட்டார். நேர்வதற்கு ஸ்மார்ட்போன் வேண்டும் என்றுகூட இல்லை. 2023இல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, அதற்கென்று சொல்லி ஓடிபி கேட்டு வந்த அழைப்புகள் பட்டன் போன் வைத்திருந்த பெண்களுக்கும் வந்தன.

வளர்ச்சியே ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போன மகனோடு பேசுவதற்கு டிரங்க் கால் என்ற வெளியூர் அழைப்பைப் பதிவு செய்துவிட்டு, தொலைபேசி அலுவலக வாசலில் பொழுது சாயும்வரை காத்திருந்த பெற்றோரைப் பார்த்தவன் நான். 1995 ஜூலை 31இல் கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுக்குப் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அது. அன்றைக்கு வருகிற அழைப்புக்கும் காசு. 2003இல் அது இலவசமான பிறகுதான் கூலி வேலை செய்பவர் கையில் போன் வந்தது. ஓசூரில் நின்றால் கர்நாடக டவர் பிடித்துக்கொண்டு ரோமிங் கட்டணம் ஏறிய காலமும் இருந்தது. 2016 ஏப்ரலில் யூபிஐ தொடங்கியது, செப்டம்பரில் இணையக் கட்டணம் தரைக்கு இறங்கியது, நவம்பரில் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. ஒரே ஆண்டில் இந்த மூன்றும் வந்து விழுந்ததில், பணத்தைக் கையால் எண்ணியே பழகிய நம் மக்கள் விரலால் அனுப்பும் உலகத்துக்குள் தள்ளப்பட்டார்கள். அவர்களுக்கு எவரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை. என் கோபம் அங்கேதான் இருக்கிறது. கருவியை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர்கள், அதன் எச்சரிக்கையை அப்பாவுக்குப் புரியும் மொழியில் காட்டும் வேலையைச் செய்யவில்லை.

அதற்காக அந்தக் கருவி வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. தக்காளியைப் பறித்து, பெட்டிகளை வண்டியில் ஏற்றி, ராயக்கோட்டை மண்டிக்கு வந்து இறக்கிய பிறகுதான் விலை தெரியும் என்ற நிலையை உங்கள் அப்பாவே அனுபவித்திருப்பார். இன்றைக்குப் பறிப்பதற்கு முன்பே பாலக்கோட்டில் என்ன விலை, கோலாரில் என்ன விலை என்று கேட்டுவிடுகிறார். தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை முதுகில் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்த பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலை போன்ற இடங்களில், பிரசவ வலி எடுத்தால் கீழே ஒரு குரல் போய்ச் சேருவதுதான் உயிர். செல்போனின் உலோகக் கூடு ஓசூர் அருகே நம் மாவட்டத்திலேயே தயாராகிறது, அந்த வேலையில் ஏராளமான பெண்கள் இருக்கிறார்கள். நம் மண்ணுக்கு இது வெளியார் பொருளாக இல்லாமல் போய் நாளாகிவிட்டது.

டவர் கதிர்வீச்சைப் பற்றியும் பெரியப்பா போன்றவர்கள் கேட்பதுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் செல்போன் அலைகளை, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்துக்குரிய பட்டியலில் வைத்தது, உண்டாக்கும் என்று உறுதிசெய்யவில்லை. டவர்களுக்கு இந்தியா 2012 முதல் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் அனுமதிக்கிறது. தொப்பூர் கணவாயில் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவனைப் பார்த்தால்தான் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

உங்கள் வீட்டுக்கு இன்னும் வராத, ஆனால் வரக்கூடிய மூன்றைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, டிஜிட்டல் கைது. காவலர் சீருடையில் ஒருவன் வீடியோ அழைப்பில் தோன்றி, உங்கள் பெயரில் போதைப் பொருள் பார்சல் வந்திருக்கிறது, கேமரா முன்னாலேயே இருக்க வேண்டும், யாரிடமும் பேசக் கூடாது என்பான். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரிக்க வேண்டியிருந்தது. 'யாரிடமும் பேசக் கூடாது' என்ற வார்த்தையைக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டு முதலில் வீட்டில் இருப்பவரிடம் பேச வேண்டும். இரண்டாவது, ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகள். மருந்து வாங்கக் காசில்லாத நேரம் பார்த்து விளம்பரம் வரும். தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டு, பிறகு உறவினர் எல்லோருக்கும் அனுப்புவேன் என்று மிரட்டுவார்கள். கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடவே கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. அதைக் கேட்கும் செயலி எதுவானாலும் விலகிவிடுங்கள்.

மூன்றாவதுதான் நம் பிள்ளைகளுக்குப் பெரிய குழி. உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, மாதம் இவ்வளவு தருகிறோம் என்று ஓசூரிலும் பெங்களூருவிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்களிடம் பேசுவார்கள். சும்மா கிடக்கும் கணக்குதானே என்று பாஸ்புக், அட்டை, சிம் மூன்றையும் கொடுத்துவிடுவான். உங்கள் அப்பாவின் பணம் ஓடியது இப்படி வாங்கிய கணக்குகளின் வழியாகத்தான் இருக்கும். காவலர்கள் தேடி வரும்போது கணக்கில் இருப்பது அந்தப் பையனின் பெயர். வெளிநாட்டில் டேட்டா என்ட்ரி வேலை என்று தாய்லாந்துக்கு அழைத்துப் போகப்பட்ட தமிழக இளைஞர்கள், மியான்மரில் அடைத்து வைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலையையே அடி உதைக்குப் பயந்து செய்தார்கள். 2022இல் அவர்களில் சிலரை மீட்டுக் கொண்டுவந்தார்கள். போனில் பேசி நம்மை ஏமாற்றுகிறவனும் யாரோ ஒரு தாய் எதிர்பார்த்துக் காத்திருக்கும் மகனாக இருக்கலாம் என்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. உங்கள் சொந்தத்தில் வேலை தேடும் தம்பி யாராவது இருந்தால் இதை முதலில் அவனிடம் சொல்லுங்கள்.

தங்கையின் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே பேச விரும்புகிறேன். அப்பாவின் பணம் போனதற்கும் தங்கையின் போனுக்கும் என்ன சம்பந்தம்? தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் பதினெட்டு ஆவதற்குள் பெண்ணுக்குக் கல்யாணம் பேசும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. போன் வைத்திருக்கிறாள், யாருடனோ பேசுகிறாள் என்பதே இப்போது அதற்கு முதல் காரணமாகச் சொல்லப்படுகிறது. போனைப் பிடுங்குவதில் தொடங்குவது சில வீடுகளில் படிப்பை நிறுத்துவதில் முடிகிறது. உங்கள் பெரியப்பா அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் அவள் தேர்வு முடிவைப் பார்ப்பதும், கல்லூரிக்கு விண்ணப்பிப்பதும், அரசுப் பள்ளி மாணவியாக இருந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்குத் தகவல் பெறுவதும் அந்தப் போனில்தான்.

அவளுக்கும் ஆபத்து உண்டு, வேறு விதமான ஆபத்து. முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ இருக்கும் படத்தை எடுத்து ஆபாசமாக மாற்றி, பணம் கொடு அல்லது வீடியோ அழைப்பில் வா என்று மிரட்டுபவர்கள் இருக்கிறார்கள். இதற்கும் 1930 உண்டு. 18 வயதுக்குள் என்றால் 1098க்கும், எந்த வயதுப் பெண்ணானாலும் 181க்கும் அழைக்கலாம். அப்படிப்பட்ட படத்தைப் புகார் வந்த குறுகிய நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021இலேயே சமூக வலைதளங்களுக்கு விதி வந்துவிட்டது. ஆனால் இந்த வசதிகள் எல்லாம், அவள் முதல் நாளே உங்களிடம் வந்து சொன்னால்தான் பயன்படும். அக்காவான நீங்கள் இன்று இரவே அவளிடம், எது நடந்தாலும் என்னிடம் சொல், உன் போனை வாங்க மாட்டோம், படிப்பை நிறுத்த மாட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பெரியப்பா முன்னிலையில் சொன்னால் இன்னும் நல்லது.

அப்பாவின் போனுக்கு வருவோம். புகார் பதிவாகி, சைபர் காவல் நிலையத்தில் பார்த்து முடித்ததும், போனை முழுவதுமாக அழித்துப் புதிதாக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். புகைப்படங்களை மட்டும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே நிறுவ வேண்டும். வாட்ஸ்அப்பில் படங்களும் ஃபைல்களும் தானாக இறங்குவதை அமைப்புகளில் நிறுத்திவிடுங்கள். நமக்குப் பணம் வர வேண்டுமானால் பின் (PIN) எண் தேவையே இல்லை, அந்த எண்ணை அழுத்தினால் நம் பணம் வெளியே போகிறது என்று பொருள் என்பதை அவரிடம் நான்கைந்து முறை சொல்லி, அவரையே திருப்பிச் சொல்ல வையுங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அவர் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். அவருக்குத் தெரியாத எண் இருந்தால் அங்கேயே துண்டிக்கச் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று, என்னிடம் வரும் எல்லோரையும் செய்ய வைப்பது. தக்காளிப் பணமும் தவணைப் பணமும் வரும் கணக்கைப் போனோடு இணைக்காதீர்கள். யூபிஐக்கென்று வேறொரு சிறிய கணக்கு வைத்து, செலவுக்குத் தேவையான இரண்டாயிரம், மூவாயிரத்தை மட்டும் அதில் போட்டு வாருங்கள். முடக்கிய அட்டைக்குப் பதில் புது அட்டை கேட்டு வங்கிக்குப் போகும்போதே அந்த இரண்டாவது கணக்கையும் திறந்துவிடலாம். அப்பாவையும் கூடவே அழைத்துப் போய், படிவத்தை அவர் கையாலேயே நிரப்பச் செய்யுங்கள்.